சங்குத்துறை மௌன சங்கீத முறை

இரண்டு சுற்றறிக்கைகளும் ஒரே தபாலில் வந்தன. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே மை. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் இவ்வாண்டு முதல் சங்கீதம் கட்டாயமாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்றது முதலாவது. இடைச்சுவர் இல்லாத மண்டபங்களில் நடக்கும் பாடசாலைகளில் பாடவேளையில் எவ்வித சத்தமும் எழலாகாது, எழுந்தால் அது ஒழுக்கக்கேடாகக் கொள்ளப்படும் என்றது இரண்டாவது. இரண்டையும் எழுதியவர் இரண்டுக்கும் நடுவில் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்க வேண்டும்.

அது எழுபத்து நாலாம் ஆண்டு. சனங்கள் பேக்கரி வாசல்களில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். அந்த வரிசைகளில் போடும் சத்தத்துக்கு மட்டும் ஒரு தடையும் இருக்கவில்லை.

சங்குத்துறை அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை என்பது திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு நீண்ட மண்டபம். மேலே ஓடு, சுற்றிவர இடுப்பளவு சுவர், நடுவில் ஒன்றுமில்லை. ஐந்து வகுப்புகளும் அதற்குள்ளேதான். இரண்டாம் வகுப்பு வாய்பாடு சொன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தங்கள் கட்டுரையில் எழுதிவிடுவார்கள். கரையில் மீன் ஏலம் போனால் ஐந்து வகுப்புக்கும் அன்றைய விலை தெரியும்.

அதிபர் இரத்தினசிங்கம் தம் சேவைக் காலத்தில் ஒரு சுற்றறிக்கையையும் மீறியதில்லை. மரநடுகை வாரத்தில் கட்டாயம் மரம் நட வேண்டும் என்று ஒன்றும், மழை ஈரத்தில் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்று இன்னொன்றும் வந்தபோது, ஐந்து வகுப்பும் அரைச்சுவருக்கு உள்ளே நின்று பார்க்க, ஒரு கையில் குடையும் மறு கையில் வேப்பங்கன்றுமாகத் தாமே போய் நட்டுவிட்டு வந்தவர். கன்று பட்டுப்போனது. பட்டுப்போகக் கூடாது என்று சுற்றறிக்கை எதுவும் இருக்கவில்லை.

இந்தப் பாடசாலைக்குத்தான் திரியாயிலிருந்து குணேஸ்வரி டீச்சர் சங்கீத ஆசிரியையாக நியமனம் பெற்று, சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆள் பற்றாக்குறையால் மூன்றாம் வகுப்பும் அவள் பொறுப்பில் விடப்பட்டது. முதல் நாளே அதிபர் அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, இரண்டு சுற்றறிக்கைகளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

“டீச்சர், நீங்கள் சங்கீதம் படிப்பிக்க வேணும். அது கட்டாயம்.”

“ஓம் சேர்.”

“ஆனா சத்தம் வரக் கூடாது. அதுவும் கட்டாயம்.”

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துக் குணேஸ்வரி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

“அப்ப, பிள்ளையளை அந்தப் புளியமரத்துக்குக் கீழ கொண்டுபோய்ப் படிப்பிக்கிறன் சேர்.”

“ஏலாது. மரம் காணிக் கந்தோருக்குச் சொந்தம். நிழல் மட்டும்தான் எங்கட வளவுக்குள்ள விழுது. அதுவும் பின்னேரத்திலதான். காலமை நிழலும் அவையின்ர பக்கம்.”

“கடற்கரைக்குக் கொண்டுபோகட்டா?”

“கடற்கரையில கூட்டமா நிண்டு சத்தம் போட்டா கடற்படைக்காரர் வந்து என்ன ஏது எண்டு கேட்பினம். அவசரகாலச் சட்டம் நடக்குது. நான் உங்களைப் பிணையில எடுக்கத் திரியேலாது.”

“அப்ப என்ன சேர் செய்யிறது?”

அதிபர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். இரண்டு இரவு நித்திரை முழித்துக் கண்டுபிடித்த விடையை மெதுவாகச் சொன்னார்.

“பிள்ளையள் வாயைத் திறக்கட்டும். உதட்டை அசைக்கட்டும். தாளமும் போடட்டும், கை தொடையில முட்டாமல். சத்தம் மட்டும் வேண்டாம். முதலாவதும் நிறைவேறிச்சு, ரெண்டாவதும் நிறைவேறிச்சு.”

“சத்தம் இல்லாட்டி அது சங்கீதமோ சேர்?”

“சங்கீதம் எண்டா என்ன எண்டு இதில அவை விளக்கேல்ல. அவை விளக்காததை நாங்கள் கேட்கக் கூடாது டீச்சர்.”

மூன்றாம் வகுப்பில் றஹ்மா என்றொரு பெண்பிள்ளை. கரையில் மீன் வாங்கிச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் ஜெமீலின் மகள். இடாப்புக் கூப்பிட்டபோது எல்லாப் பிள்ளைகளும் “உள்ளேன் டீச்சர்” என்றார்கள். றஹ்மா எழுந்து நின்று “உ… உ… உ…” என்றாள். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டும்வரை அந்த எழுத்தைத் தாண்ட முடியவில்லை. பின்னால் இருந்தவன் சிரித்தான். குணேஸ்வரி அவளை இருத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். போன வருடம் வாசிப்புப் பரீட்சையில் வாயே திறக்காததால் அவள் மூன்றாம் வகுப்பிலேயே மறித்து வைக்கப்பட்டவள் என்பது பிறகு தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் குணேஸ்வரி மீன் வாங்கக் கரைக்குப் போனாள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிற்றில் ஆண்கள், நுனியில் பிள்ளைகள். கயிற்றில் கை வைத்துக் கூடவே வலையிழுக்கும் பாட்டான அம்பாவும் பாடினால் பிள்ளைகளுக்கும் ஒரு கை மீன் பங்கு கிடைக்கும். ஒரு கயிற்றில் முதலடி எடுத்துக் கொடுத்தது ஒரு சிறு குரல். கூர்மையான, கொஞ்சமும் பிசகாத குரல்.

“வெள்ளாப்பில போன தோணி…”

“ஏலேலோ!” என்று ஆண்கள் இழுத்தார்கள்.

“வெறுங்கையோட வரமாட்டாதே…”

“ஏலேலோ!”

குணேஸ்வரி ஆட்களை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பாடியது றஹ்மா. ஒரு எழுத்திலும் திக்கவில்லை. கயிறு முழுக்க அவளுடைய குரலுக்குக் கட்டுப்பட்டு முன்னும் பின்னும் போய் வந்தது.

“உங்கட மகள் பாடேக்க திக்கிறா இல்ல,” என்று ஜெமீலிடம் சொன்னாள், ஏதோ புதையல் கண்டவள் போல.

ஜெமீல் தராசைத் துடைத்துக்கொண்டே, “அது தெரியும் டீச்சர். வீட்டிலயும் தண்ணி வேணுமெண்டாப் பாட்டாத்தான் கேட்பா. உம்மா அதுக்கு ஏசுற,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்த வருஷமும் வகுப்பேத்தாட்டி நான் புள்ளய நிப்பாட்டிப் போடுவன். மூணு வருஷம் ஒரே வாங்கில இருந்தா மத்தப் புள்ளயள் விட்டு வைக்குமா? வீட்டில உம்மாவோட குசினிக்குள்ள நிக்கட்டும்.”

“நிப்பாட்டாதீங்கோ. நான் அவவைப் பாட்டாலயே கதைக்க வைப்பன்.”

“கதைச்சாப் போதும் டீச்சர். வேற ஒண்டும் வேணாம்.”

திங்கட்கிழமை குணேஸ்வரி இடாப்பை மெல்லிய குரலில் ராகமாகக் கூப்பிட்டாள். றஹ்மா எழுந்து அதே ராகத்தில் “உள்ளேன் டீச்சர்” என்று முழுதாகப் பாடினாள். பாடிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள். பின்னால் இருந்தவன் இம்முறை சிரிக்கவில்லை. ஆனால் மண்டபத்தின் மறு கோடியிலிருந்து அதிபர் எழுந்து வந்தார்.

“என்ன டீச்சர் இது, சத்தம்?”

“இடாப்புக் கூப்பிடுறன் சேர்.”

“இடாப்பு இடாப்பு மாதிரி இருக்க வேணும். ராகம் வந்தா அது சங்கீதம். சங்கீதத்தில சத்தம் வந்தா அது ஒழுக்கக்கேடு. இண்டைக்கு இடாப்பைப் பாடுவினம், நாளைக்குக் கணக்கைப் பாடுவினம். பிறகு நான் எதை மறிக்கிறது?”

அன்றிலிருந்து மூன்றாம் வகுப்பில் மௌன சங்கீதம் தொடங்கியது. குணேஸ்வரி சுருதிப் பெட்டியைத் திறக்காமல் மேசையில் வைப்பாள். பிள்ளைகள் வாயை ஆவென்று திறந்து ஸரிகமவை அசைப்பார்கள். தாளம் போடும் கைகள் தொடைக்கு ஒரு விரற்கடை மேலே நின்று திரும்பும். தப்பித்தவறி யாராவது முனகினால் மற்றவர்கள் எல்லாரும் திரும்பி, உதட்டில் விரலை வைக்க வேண்டும். அதுவும் அதிபரின் ஏற்பாடு. அந்தப் பகுதி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப் போனது. சங்கீத பாடத்தில் அவர்கள் உண்மையில் தேர்ச்சி பெற்றது அதில்தான்.

இரண்டாம் தவணையில் ஓர்ஸ் ஹில் கல்விக் கந்தோரிலிருந்து அழகியற் பாட அதிகாரி கனகசபை பரிசோதனைக்கு வந்தார். அவர் முன்பு தென்னம் வண்டு ஒழிப்பில் இருந்தவர். வண்டுகள் ஒழியவில்லை, அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கதிரையில் இருந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, “பாடட்டும்,” என்றார்.

மூன்றாம் வகுப்பு பாடியது. அதாவது அசைந்தது. கனகசபை ஒவ்வொரு வாயாக உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கோதுமை மா ஏற்றி வந்த கப்பலொன்று ஊதியது. ஓடு அதிர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், எழுதினார்.

பத்து நாட்களில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ‘மேற்படி பாடசாலையில் பரிசோதனை வேளையில் அளவுக்கு மீறிய, சுருதி விலகிய ஓசையொன்று எழுந்தமைக்கான காரணம் யாது?’ அது கப்பல் என்று குணேஸ்வரி எழுதினாள். ‘மேற்படி கப்பல் பாடசாலை நேரத்தில் ஓசை எழுப்ப அதிபரிடம் முன் அனுமதி பெற்றிருந்ததா?’ என்று மறு கடிதம் வந்தது. பெற்றிருக்கவில்லை என்று அதிபர் ஒப்புக்கொண்டார், துறைமுகத்துக்கும் ஒரு கடிதம் போட்டார். கப்பல் மாவை இறக்கிவிட்டுப் போய்விட்டது என்று துறைமுகம் பதில் எழுதியது. குற்றம் செய்த தரப்பு மாவட்டத்தை விட்டு வெளியேறிவிட்டதால் விசாரணை முடிவுறுத்தப்படுகிறது என்று கனகசபை கையெழுத்திட்டார். குணேஸ்வரி மட்டும் கண்டிக்கப்பட்டாள், கப்பல் இருக்கும் இடத்தில் சங்கீதம் கற்பித்ததற்காக.

ஆனால் கப்பலைத் தவிர மற்றெல்லாம் கனகசபைக்குப் பிடித்திருந்தது. அடுத்த மாதம் வட்டாரத்து அதிபர்களை எல்லாம் சங்குத்துறை மண்டபத்துக்கு அழைத்து, மூன்றாம் வகுப்பைக் காட்டி, ஒரு பேச்சுப் பேசினார்.

“நான் எத்தனையோ சங்கீத வகுப்புகளைப் பார்த்தவன். எல்லாத்திலும் பிழை. ஒருத்தன் மேலே போவான், ஒருத்தி கீழே போவாள். ஏன்? சத்தம் வருகிறது, அதனால் பிழை கேட்கிறது. இங்கே பாருங்கள். சத்தமே இல்லை. சத்தம் இல்லாத இடத்தில் சுருதி எப்படிப் பிழைக்கும்? குழப்பத்தின் வேரை இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தெரியாத எனக்கே இதில் ஒரு குறையும் தெரியவில்லை என்றால், இதன் தரத்தை நீங்களே யோசியுங்கள்.”

அதிபர்கள் கைதட்டினார்கள். இரத்தினசிங்கம் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். அன்று தொடக்கம் கைதட்டலும் மௌனமாக்கப்பட்டது.

அப்படித்தான் அது ‘சங்குத்துறை மௌன சங்கீத முறை’ என்று பெயர் பெற்று, வடக்கே திரியாய் வரைக்கும் தெற்கே வெருகல் வரைக்கும் போனது. ஆவணியில் நகரத்தில் போட்டியும் வைத்தார்கள். வாயசைவுக்கு நாற்பது, கட்டுப்பாட்டுக்கு முப்பது, ஓசையின்மைக்கு முப்பது. மூன்று நடுவர்கள் காதில் கையை வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே குனிந்து நின்று ஓசையின்மையைக் கேட்டார்கள். நன்றாகச் செய்து வந்த ஒரு குழு, கடைசி வரியில் ஒரு பிள்ளைக்கு விக்கல் வந்து பின்னால் தள்ளப்பட்டது. அந்தப் பிள்ளையின் தாய் மண்டபத்தில் அழுதாள், சத்தமில்லாமல். வெள்ளிக் கிண்ணம் சங்குத்துறைக்கு வந்தது. அதிபர் அதை அலுமாரியில் பூட்டி வைத்தார்.

குணேஸ்வரிக்கு இந்தக் கிண்ணத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பிள்ளையின் குரல். சனிக்கிழமைகளில் கரையில், வலை ஏறிய பிறகு, இரண்டு பேரும் இழுத்துவிட்ட தோணியின் மறைவில் இருந்து வாசிப்புப் புத்தகத்தைப் பாடினார்கள். ‘இது எங்கள் வீடு’ என்பதை ஒரு ராகத்திலும் ‘மாடு புல் தின்கிறது’ என்பதை இன்னொரு ராகத்திலும். முதலில் பாட்டு. பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பேச்சுக்குக் கிட்டக் கொண்டு வருவது. புரட்டாதியில் றஹ்மா, “டீச்சர், இண்டைக்கு வாப்பா சூரை வாங்கல்ல, விலை கூட,” என்று பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவான ஒரு குரலில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்தாள். குணேஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்தாள். அந்த ஆண்டில் அவள் சந்தோசப்பட்ட நாள் அது ஒன்றுதான்.

இன்னும் ஒரு தவணை கிடைத்தால் போதும், ராகம் முழுதாகக் கழன்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாசிப்புப் பரீட்சை கார்த்திகையில். அவள் அதிபரிடம் போனாள்.

“சேர், றஹ்மா வாசிப்புப் பரீட்சையில கொஞ்சம் ராகமா வாசிக்க விடுங்கோ. அவவுக்கு முழுப் புத்தகமும் தெரியும். வகுப்பேறாட்டி தகப்பன் நிப்பாட்டிப் போடுவார்.”

அதிபர் கெட்டவர் அல்ல. அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அலுமாரியைத் திறந்து நெடுநேரம் தேடினார்.

“இல்ல டீச்சர். ஒண்டும் இல்ல. வாசிப்பில ராகம் வந்தா அது வாசிப்பில்ல, சங்கீதம். சங்கீதமெண்டா சத்தம் கூடாது. சத்தம் இல்லாட்டி வாசிப்புக்குப் புள்ளி இல்ல. எந்தப் பக்கத்தால வந்தாலும் புள்ளைக்கு வழி இல்ல. எனக்கும் கவலைதான்.”

“கவலையெண்டா ஏதாவது செய்யுங்கோவன் சேர்.”

“கவலைப்படலாம் டீச்சர். அதுக்குத் தடை இல்ல.”

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து கல்விப் பணிப்பாளரே முறையைப் பார்க்க வருகிறார் என்ற செய்தி வந்தது. குணேஸ்வரி அந்தச் செய்தியைப் பிடித்துத் தொங்கினாள். அவ்வளவு பெரியவருக்கு ஒரு காதாவது இருக்கும். ஒரு வரி கேட்டால் போதும், இந்தப் பிள்ளையைப் பாட விடுங்கள் என்று அவர் ஒரு சொல் சொன்னால் எந்தச் சுற்றறிக்கையும் ஒதுங்கும். சனிக்கிழமை கரையில் றஹ்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்: “நான் தலையை ஆட்டுவன். நீ அம்பா பாடுற மாதிரி வாய் திறந்து பாடு. பயப்பிடாத.”

பணிப்பாளர் வந்தார். மாவிலைத் தோரணம், மௌனமான நாதஸ்வரம். ஆம், வித்துவான்களை அழைத்து வாயில் வைக்க மட்டும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் காசை வாங்கிக்கொண்டு மிகவும் நன்றாக வாசித்தார்கள். பணிப்பாளர் மாலையைக் கழற்றிக் கனகசபையின் கையில் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

பிள்ளைகள் அசையத் தொடங்கினார்கள். வாய்கள் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. மண்டபத்தில் கடற்காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. பணிப்பாளர் முன்னுக்குச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். குணேஸ்வரி தலையை ஆட்டினாள்.

றஹ்மா பாடினாள்.

ஒரு வரி. கரையில் கயிறு முழுவதையும் இழுத்த அதே குரல், ஓட்டில் பட்டு மண்டபம் முழுக்க நிறைந்தது. திக்கவில்லை, நடுங்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் கணக்குச் செய்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அரைச்சுவருக்கு வெளியே சைக்கிளோடு நின்ற ஜெமீல் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வரி வரவில்லை. மூன்றாம் வகுப்பு முழுவதும் ஒரேயடியாகத் திரும்பி, உதட்டில் விரலை வைத்தது. அத்தனை விரல்கள். றஹ்மா எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அ… அ… அ…” என்றாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

“அதென்ன?” என்று கேட்டார் பணிப்பாளர்.

“ஒரு பிள்ளைக்கு இன்னும் முறை பழகேல்ல சேர்,” என்றார் அதிபர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

குணேஸ்வரி முன்னால் வந்தாள். “சேர், அந்தப் பிள்ளைக்குக் கதைக்க ஏலாது. பாட மட்டும்தான் ஏலும். தயவுசெய்து அவவைப் பாட விடச் சொல்லுங்கோ சேர்.”

பணிப்பாளர் இளகினார். எழுந்து றஹ்மாவின் தலையைத் தடவினார். பிறகு எல்லாரையும் பார்த்துப் பேசினார்.

“ஒரு முறையின் பெருமை அதில் கெட்டிக்காரர் எத்தனை பேர் என்பதில் இல்லை. பின்தங்கிய ஒரு பிள்ளையையும் அது கைவிடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளையைக் கைவிட நான் அனுமதிக்க மாட்டேன். இவளுக்கு விசேட வகுப்பு வைக்க வேண்டும். தினமும். அக்கறையுள்ள இந்த டீச்சரே வைக்கட்டும். சங்கீதத்தில் நல்ல புள்ளி எடுத்தால் வாசிப்பில் விட்டதை அதில் ஈடு செய்து வகுப்பேற்றலாம் என்று இப்பொழுதே உத்தரவிடுகிறேன். மனிதாபிமானம் இல்லாமல் கல்வி இல்லை.”

எல்லாரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள். கனகசபைக்குக் கண் கலங்கியது.

அன்று பின்னேரம் ஜெமீல் வந்தார். “டீச்சர், அந்தப் பெரிய ஆள் சொன்னது சரிதானா? சங்கீதத்தில புள்ளி எடுத்தா வகுப்பேத்துவாங்களா?”

“ஓம்.”

“அப்ப எடுக்க வைங்க டீச்சர். என்ன செய்தாவது. நான் புள்ளய நிப்பாட்ட மாட்டன்.”

சங்கீதத்தில் புள்ளி எடுப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். பாடினால் பிள்ளை குசினிக்குள் போவாள். பாடாவிட்டால் நாலாம் வகுப்புக்குப் போவாள். வேறு வழி யாராவது அறிந்திருந்தால் அவர்கள் சங்குத்துறையில் வேலை செய்யாதவர்கள்.

விசேட வகுப்பு தினமும் பாடசாலை விட்ட பிறகு நடந்தது. ஆளில்லாத அந்த நீண்ட மண்டபத்தில் ஒரு டீச்சர், ஒரு பிள்ளை. முதல் நாட்களில் றஹ்மாவுக்கு வாய் அசைந்தால் குரலும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு தரமும் குணேஸ்வரி எழுந்து போய் அவளுடைய உதட்டில் தன் விரலை வைப்பாள். பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் அதில் ஏதோ நன்மை இருக்கும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கைதான் குணேஸ்வரிக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அழுதுகொண்டு போவாள்.

றஹ்மா கெட்டிக்காரி. சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பேசுவதற்குப் பயந்து ஆண்டுக்கணக்காக வாயை மூடிப் பழகியவளுக்கு அது அவ்வளவு புதிதும் அல்ல. கார்த்திகைப் பரீட்சையில் கனகசபை நேரில் வந்திருந்து, கண்ணை மூடிக் கேட்டார், திறந்து பார்த்தார், நூற்றுக்கு நூறு போட்டார். மாவட்டத்தில் வேறெந்தப் பிள்ளைக்கும் அந்தப் புள்ளி கிடைக்கவில்லை. றஹ்மா வகுப்பேறினாள். குணேஸ்வரிக்கும் உயர்வு வந்தது. தை மாதம் முதல் மாவட்டம் முழுவதற்கும் மௌன சங்கீத ஆலோசகர், பஸ் செலவு தனி.

மாசியில் வாடைக் கடல் அடங்கி, கரைவலை மறுபடி தொடங்கியது. ஒரு சனிக்கிழமை குணேஸ்வரி கரைக்குப் போனாள். ஜெமீல் அவளைக் கண்டதும் ஓடி வந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பாரைக்குட்டி இரண்டைப் பையில் போட்டார்.

“அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத்துச் செய்யணும் டீச்சர். புள்ள நாலாம் வகுப்புக்குப் போறா. இப்ப நல்ல ஒழுக்கம். வீட்டில ஒரு சத்தம் இல்ல. தண்ணி வேணுமெண்டாலும் கையாலதான் காட்டுறா.” அவர் பாதியில் நிறுத்திப் பையின் வாயை முடிந்தார். “உம்மாதான் சில நேரம், ஏசுறதுக்கு ஒண்டும் இல்லையே எண்டு அழுறா.”

கயிறு இழுபட்டுக்கொண்டிருந்தது. வழக்கமான சத்தம் இல்லை. நுனியில் றஹ்மா நின்றாள். தலையை நிமிர்த்தி, வாயை அகலத் திறந்து, முதலடியை அசைத்துக் கொடுத்தாள். குரல் வரவில்லை. கயிற்றில் நின்ற ஆண்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளுடைய வாயைப் பார்த்து, மூடிய பிறகு இழுத்தார்கள். முன்னால் நின்றவன் முந்தினான், பின்னால் நின்றவன் பிந்தினான். வலை ஒரு பக்கம் கோணி வந்தது.

“புள்ள, குரல் குடுத்துப் பாடன்!” என்று கயிற்றிலிருந்து ஒருவர் கத்தினார். “இப்பிடியே போனா மீன் எல்லாம் வெளிய போயிடும்.”

குணேஸ்வரி மீன் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். மணலில் முழங்காலை ஊன்றிப் பிள்ளையின் தோளைப் பிடித்தாள்.

“றஹ்மா, இது பள்ளிக்கூடம் இல்லையம்மா. இங்க பாடலாம். பாடு. சத்தமாப் பாடு.”

றஹ்மா டீச்சரை உற்றுப் பார்த்தாள். இதுவும் பரீட்சைதான், டீச்சர் ஏமாற்றிப் பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள். பிறகு கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து, உப்புத் தண்ணீர் சொட்டும் விரலைக் குணேஸ்வரியின் உதட்டில் வைத்தாள்.